உதட்டில் அம்மாவும் அப்பாவும் ஒன்றுதான்

அன்புள்ள அண்ணா,

பாலக்காட்டு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய வேலந்தாவளத்திலிருந்து எழுதுகிறேன். தமிழ் எம்.ஏ., பி.எட். முடித்துவிட்டு வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். அம்மாவுக்கு நான்கு வருடமாகக் காது கேட்பது குறைந்துகொண்டே வருகிறது. காது மிஷின் வாங்கிக் கொடுத்தோம். வீட்டுக்குள் பரவாயில்லை. வெளியே வந்தால், அதுவும் ஆடிக் காற்றில், இரைச்சல் மட்டும்தான் கேட்கிறது என்கிறார்.

எதிரில் பேசுபவரின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வதாக நீங்கள் ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு அம்மாவுக்குச் சொல்லித்தர முயன்றேன். ஒவ்வொரு எழுத்தாக, வாயை நன்றாகத் திறந்து, மெதுவாகப் பேசினேன். முன்பு புரிந்ததுகூடப் புரியவில்லை. எங்கள் தெருவில் மட்டும் இப்படி ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் மலையாளம் வேறு. பெரியவர்களுக்கு இதைக் கற்றுத்தரும் ஆசிரியராக விரும்புகிறேன். எங்கே படிப்பது? நன்றாகக் காது கேட்கிற ஒருத்தியால் இதைச் சொல்லித்தர முடியுமா?

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். முடியும். நீங்களும் தினமும் உதடு படிக்கிறீர்கள், தெரியாமல் செய்கிறீர்கள், அவ்வளவுதான். 1976இல் மெக்கர்க், மெக்டொனால்ட் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். 'ப' என்ற ஒலியை, 'க' என்று அசைகிற வாயின் படத்தோடு சேர்த்துப் போட்டார்கள். நன்றாகக் காது கேட்கிறவர்களில் பலருக்கு அது 'த' போலக் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டால் மறுபடியும் 'ப'. எல்லோருடைய மூளையும் காதையும் கண்ணையும் கலந்துதான் பேச்சைக் கேட்கிறது.

எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. 43 வயதில் இடது காது முழுவதுமாகவும் வலது காது பாதியும் போனபோது, மிஷினை மாட்டி, பேட்டரி மாற்றுவதைக் காட்டி அனுப்பிவிட்டார்கள். எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார் என்று அங்கே ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஐந்து வருடம் நான் பேசுகிறவர்களுக்கு வலது காதைத் திருப்பிக் காட்டிக்கொண்டே இருந்தேன். காதைத் திருப்பினால் முகம் போய்விடும். அந்த ஐந்து வருடத்தை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. அதனால்தான் உங்கள் கடிதம் எனக்கு இவ்வளவு முக்கியம்.

வயதாகி வரும் செவிக்குறையில் முதலில் போவது உயர்ந்த, மெல்லிய ஒலிகள். ச, த, ட, ப போன்ற மெய்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் அவைதான். ஆ, ஓ, ஊ போன்ற உயிர்கள் கனமானவை, நெடுநாள் கேட்கும். அம்மா உங்களிடம் 'சத்தம் கேக்குது, என்ன சொல்றீங்கன்னுதான் தெரியல' என்று சொல்லியிருப்பார். இங்கேதான் உதடு கைகொடுக்கிறது. காதுக்கு மங்கிப்போன ப-த வித்தியாசம் உதட்டில் பளிச்சென்று தெரியும். உதட்டில் தெரியாத ப-ம வித்தியாசத்தை, மகரத்தின் மூக்கொலி கனமானது என்பதால், மிச்சமிருக்கும் காது பல சமயம் பிடித்துவிடும். ஆகவே உங்கள் வகுப்பில் யாரும் மிஷினைக் கழற்றி வைக்க வேண்டாம். அதுவும் வேண்டும், உதடும் வேண்டும். நம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மிஷினின் மைக்கில் புகுந்து இரையும்போதுதான் உதடு தனியாக நின்று வேலை செய்ய வேண்டியிருக்கும்.

சரி, உதட்டில் எவ்வளவு தெரியும்? பாதிகூடத் தெரியாது. ப, ம இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரி மூடுகிறது. கண்ணாடி முன் நின்று குரல் இல்லாமல் 'அம்மா' சொல்லிப் பாருங்கள், அடுத்து 'அப்பா'. இரண்டும் ஒன்று. மருந்தும் பருந்தும் ஒன்று, மாலையும் பாலையும் ஒன்று. க தொண்டைப் பக்கம் பிறப்பதால் உதட்டுக்கு வருவதே இல்லை. 'காடு' என்றாலும் 'ஆடு' என்றாலும் கண்ணுக்கு ஒரே அசைவு. ல, ள, ழ, ட, ண எல்லாம் பல்லுக்குப் பின்னால் நடக்கும் காரியம். தெளிவாகத் தெரிவது ப-ம மூடுவதும், வகரத்தில் கீழுதடு பல்லைத் தொடுவதும், உ-ஓ குவிவதும், இ-ஏ விரிவதும், ஆ திறப்பதும்தான்.

மிச்சத்தை, உதடு படிப்பவர் ஊகித்துக்கொள்கிறார். 'மருந்து சாப்பிட்டியா' என்று மகள் கேட்டால் அது பருந்தாக இருக்க முடியாது என்பது அம்மாவுக்குத் தெரியும். தனி எழுத்தாகச் சொல்லும்போது அந்தத் துணை போய்விடுகிறது. வாயை அகலத் திறக்கும்போது உதட்டின் வடிவமே மாறிவிடுகிறது. நீங்கள் தோற்றது அதனால்தான். அம்மா பழகியிருப்பது உங்கள் சாதாரணப் பேச்சுக்கு. கொஞ்சம் நிதானம் போதும், முழு வாக்கியமாகப் பேசுங்கள். நியூயார்க்கில் 1903இல் பெரியவர்களுக்காக ஒரு பள்ளி தொடங்கிய எட்வர்ட் நிட்சியும் முழுப் பொருளைப் பிடிக்கும் பழக்கத்தைத்தான் வலியுறுத்தினார். 14 வயதில் செவி இழந்தவர் அவர்.

நீங்கள் தமிழ் படித்தவர் என்பதால் இன்னொன்று. ஏட்டுத் தமிழை வைத்துப் பாடம் தயாரித்துவிடாதீர்கள். 'பாத்திரம்' என்று எழுதினால் கடைசியில் உதடு மூட வேண்டும். பேச்சில் யாரும் மூடுவதில்லை, உதடு லேசாகக் குவிந்து மூக்கில் முடிகிறது. 'மாத்திரை' அதே இடத்தில் விரிந்து முடியும். சமையலறையில் 'மாத்திரை எங்கே', 'பாத்திரம் எங்கே' இரண்டையும் பிரிப்பது அந்தச் சின்னக் குவிதல் மட்டும்தான். 'வந்தான்', 'வந்தாள்' பேச்சில் உதட்டுக்கு ஒன்றாகவே தெரியும். யார் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டுப் பேசும்படி வீட்டாரைப் பழக்க வேண்டும்.

அப்புறம் நம் பக்கத்து 'ங்க'. அதுவும் தொண்டையில் பிறப்பதால் 'வாங்க' என்பதும் 'வா' என்பதும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்று. என் பெரியப்பா கடைசிக் காலத்தில் மருமகள் மரியாதையில்லாமல் பேசுகிறாள் என்று மனம் நொந்து கிடந்தார். அவள் ஒரு நாளும் 'ங்க' போடாமல் பேசியதில்லை. அவருக்கு அது தெரியாமலே போனது. வகுப்பில் முதல் மாதமே இதைச் சொல்லிவிடுங்கள்.

ஆஸ்பத்திரி மலையாளத்துக்குப் பயப்பட வேண்டாம். தமிழில் 'வேணும்' உதட்டைக் குவித்து முடிகிறது, 'வேணாம்' திறந்து முடிகிறது. மலையாளத்தில் 'வேணம்' மூடி முடியும், 'வேண்ட' திறந்து முடியும். இதைப் பழகினாலே பாதித் தடுமாற்றம் போய்விடும். சாப்பாட்டுக்கு முன், பின் என்பதற்கு அவர்கள் சொல்லும் 'மும்பு', 'சேஷம்' நம் 'முன்னாடி', 'பின்னாடி'யைவிட உதட்டில் தெளிவாகப் பிரியும். ஒன்றில் உதடு மூடிக் குவிகிறது, மற்றதில் பல் தெரிகிறது. ஆஸ்பத்திரியிலும் ரேஷன் கடையிலும் புழங்கும் ஐம்பது மலையாளச் சொற்களைத் தொகுத்து அதையே ஒரு பாடமாக்குங்கள். எண்களை மட்டும் உதட்டை நம்பி விடக்கூடாது. எழுபதும் எண்பதும் மிக நெருக்கம். எழுதிக் காட்டச் சொல்லக் கற்றுக்கொடுங்கள்.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் இதற்கென்றே ஆசிரியர் பயிற்சி உண்டு. லண்டனில் 1919இல் தொடங்கிய சிட்டி லிட் என்ற வயதுவந்தோர் கல்வி நிலையத்தில் அது நடக்கிறது. ஒலியியல், செவிக்குறையின் வகைகள், கருவிகள், பாடத் தயாரிப்பு, குரலைக் குறைத்தும் குரலில்லாமலும் பேசிப் பழகுவது, மேற்பார்வையில் வகுப்பெடுப்பது எல்லாம் அதில் அடங்கும். அங்கே இந்த ஆசிரியர்களுக்குத் தனிச் சங்கமும் இருக்கிறது. நம் பக்கம் இதற்கென்று ஒரு படிப்பை நான் பார்த்ததில்லை. மைசூரில் 1965இல் தொடங்கிய அகில இந்திய பேச்சு கேட்டல் நிறுவனமும், திருவனந்தபுரத்தில் 1997இல் தொடங்கிய நிஷ் என்ற பேச்சு கேட்டல் நிறுவனமும் நல்ல இடங்கள். ஆனால் ஆடியாலஜி என்கிற செவியியல் பட்டத்துக்குப் பிளஸ் டூவில் அறிவியல் படித்திருக்க வேண்டும். செவித்திறன் குறைந்தோருக்கான சிறப்பு பி.எட். உங்களுக்குப் பொருந்தும், அதன் கவனம் பள்ளிக் குழந்தைகள் மேல். படித்தால் ஒலியியலும் கருவிகளும் கைவரும். ஆனால் அந்தப் பட்டம் வரும்வரை அம்மாவையும் தெருவையும் காக்க வைக்க வேண்டாம்.

ஒரு எல்லையை மட்டும் காப்பாற்றுங்கள். பிறவியிலேயே காது கேளாத குழந்தையிடம் சைகை மொழியை விலக்கிவிட்டு உதட்டைப் பார் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். 1880இல் காது கேளாதோர் கல்விக்காக இத்தாலியில் கூடிய மிலான் மாநாடு பள்ளிகளில் பேச்சு வழிக் கல்வியே போதும் என்று முடிவெடுத்து, தலைமுறைகளின் மொழியைப் பறித்தது. நீங்கள் செய்யப் போவது வேறு. ஒரு மொழியைக் காதால் கற்று, அதிலேயே வாழ்ந்து, பிறகு காதை இழந்தவர்களுக்கானது இது.

அவர்களிடம் நீங்கள் முதலில் எதிர்கொள்ளப் போவது தலையாட்டல். புரியாதபோது நாங்கள் தலையாட்டிவிடுவோம். மறுபடி கேட்டால் எதிரில் இருப்பவர் முகம் சுளிப்பார் என்ற பயம். நான் ஒரு மருந்துக்கடையில் தலையாட்டிவிட்டு வந்து, சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய மாத்திரையை மூன்று வாரம் பின்னால் போட்டிருக்கிறேன். உதடு படிக்கச் சொல்லித்தருவதற்கு முன்னால், கேட்கக் கற்றுக்கொடுங்கள். 'என்ன?' என்று மொட்டையாகக் கேட்டால் எதிராளி கத்துவார். 'முன்னாடியா, பின்னாடியா?' என்று பிடித்த பாதியைச் சொல்லிக் கேட்டால் தேவையானது கிடைக்கும். 'எனக்குக் காது மந்தம், என் முகத்தைப் பார்த்துப் பேசுங்க' என்ற வாக்கியத்தை ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்லிப் பழகட்டும். தமிழில் ஒரு தரம், மலையாளத்தில் ஒரு தரம். சிலருக்கு அதைச் சொல்லும்போது கண் கலங்கும். எனக்குக் கலங்கியது. அவசரப்படுத்தாதீர்கள்.

முதலில் ஒரு மாதம் நீங்களே மாணவியாக இருங்கள். செய்தி வாசிப்பவரைச் சத்தத்தை நிறுத்திவிட்டுத் தினமும் பத்து நிமிடம் பாருங்கள், பிறகு சத்தத்தோடு சரிபாருங்கள். எங்கெங்கே ஏமாந்தீர்கள் என்று நோட்டில் எழுதுங்கள். உங்கள் பாடப்புத்தகம் அந்த நோட்டிலிருந்துதான் வரும்.

தெருவில் அந்த ஏழெட்டுப் பேரைக் கூட்டும்போது சொல்லுங்கள், கொழிஞ்சாம்பாறையிலிருந்து பஸ் பிடித்து நானும் வருகிறேன், மாணவனாக. ஃபேனை நிறுத்திவிடுங்கள். வட்டமாக உட்கார வையுங்கள், எல்லோருக்கும் எல்லோர் முகமும் தெரியட்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள், உங்கள் முகம் இருண்டுவிடும். வெளிச்சம் உங்கள் வாயில் விழும்படி ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள்.

அன்புடன்,
அண்ணன்