ரோமியோவைக் கெடுத்தது யாரு? – ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

அலாஸ்கா ரோமியோ ஓநாய் பத்தி நீங்க பேசின வீடியோ பாத்தேன். ஜூனோ ஊர்க்காரங்க அன்புங்கிற பேர்ல அதைப் பழக்கிக் கெடுத்ததாலதானே 2009ல சுட்டுட்டாங்க? முதல்லயே விரட்டிருந்தா பொழைச்சிருக்கும்ல? ஓநாய் மனுஷனுக்கு ஃப்ரெண்டுங்கிறதும் நம்ம கற்பனைதானே?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அது மனுஷங்களைத் தேடியே வரல. நாய்களைத் தேடித்தான் வந்துச்சு. 2003 குளிர்காலத்துல மெண்டன்ஹால் பனியாறு பக்கத்து ஏரி உறைஞ்சு கெடக்க, ஊர்க்காரங்க நாயைக் கூட்டிக்கிட்டு ஸ்கீ போட வருவாங்கல்ல, அங்கதான் இந்தக் கறுப்பு ஓநாய் ஒத்தையா வந்து நின்னுச்சு. எழுத்தாளர் நிக் ஜான்ஸ் வீடு அங்கதான், அவரோட லாப்ரடார் நாய் டகோட்டா மேல அதுக்கு அப்படி ஒரு கிறுக்கு, அதப் பாத்துட்டு அவர் மனைவி வெச்ச பேர்தான் ரோமியோ. நாயோட வந்ததால மனுஷங்களையும் சகிச்சுக்கிச்சு, அவ்வளவுதான். அதுல கொஞ்ச பேர்கிட்ட நல்லாவே ஒட்டிக்கிச்சுங்கிறது வேற விஷயம்.

சாதாரணமா ஓநாய்க்கு நாய்னா ஒண்ணு எதிரி, இல்லேன்னா இரை. அலாஸ்காவுல ஓநாய் நாயை அடிச்சுத் தின்னா யாரும் ஆச்சரியப்பட மாட்டாங்க, அதனாலதான் இது நாயோட ஓடிப்பிடிச்சு விளையாடுறத அந்த ஊரே வாயப் பொளந்துக்கிட்டு பாத்துச்சு. (இன்னொண்ணு, வட அமெரிக்க ஓநாய்களோட கறுப்பு நிறமே ஆதியில நாய்கள்கிட்டருந்து கலந்து வந்த மரபணுதான்னு அதே 2009ல ஒரு ஆய்வு வந்துச்சு. ரோமியோ உடம்புலயே பழைய நாய் ஒண்ணு இருந்துருக்கு!)

விரட்டிருக்கலாம்னு சொல்றீங்க, எங்க போகும்? பக்கத்து காட்டுல வேற ஓநாய்க் கூட்டம் இருந்தா அந்நியனா வர்ற ஒத்தை ஓநாயைக் கடிச்சுக் கொன்னுடும், ஓநாய்ங்க சாவுறதுல இது ஒரு பெரிய காரணம். புடிச்சு வேற எடத்துல விட்டாலும் அதே கதிதான் ஆகலாம். இங்க என்னடான்னா தனக்கு வேண்டியத தானே வேட்டையாடிக்கிட்டு ஆறு வருஷம் இருந்துச்சு, காட்டு ஓநாய்க்கு அது சின்ன ஆயுசு இல்ல. ஒரு மனுஷனையும் கடிக்கல. ஒரு தடவ ஒரு குட்டி பக் நாயை வாயில கவ்விட்டு விட்டுடுச்சு, ஊரே ரெண்டுபட்டுப் போச்சு.

ஒரு விஷயத்துல நான் உங்க கட்சி. பேர் பரவினதும் ஃபோட்டோவுக்காக புள்ளைங்களையும் கட்டாத நாய்களையும் கூட்டிக்கிட்டு கிட்டக்க போனாங்க பாருங்க, அது சுத்த முட்டாள்தனம், ஏதாவது ஒண்ணு ஆயிருந்தா பழி ஓநாய் மேலதான் விழுந்துருக்கும்.

ஆனா சுட்டது அந்தக் கூட்டம் இல்லையே. அங்க குடியிருந்த ஒருத்தனும் பென்சில்வேனியாவுலருந்து வந்த அவன் கூட்டாளியும், சட்டவிரோதமா. கோர்ட்டுல குத்தம் நிரூபணமாச்சு, அபராதம் போட்டாங்க, ஜெயில் தண்டனைய நிறுத்தி வெச்சுட்டாங்க, ரெண்டு பேரும் ஒருநாள் கூட உள்ள போகல. நீங்க அவங்கள விட்டுட்டு நாயோட நடக்கப் போனவங்க மேல கோவப்படுறீங்க, அதுதான் எனக்குப் புரியல.