உதவிப் பணத்தில் வாழ்பவருக்கு வீடு தரலாமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்து வாசகர்கள் கேட்டவை.

கேள்வி: தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு ஒன்று காலியாக இருக்கிறது. தோட்டத்து லயத்தைவிட்டு வந்த 67 வயது அம்மா ஒருவர் கேட்கிறார். சமூக நலத்துறைப் பணம்தான் வருமானமாம். மகன் வேண்டாம் என்கிறான்.

பதில்: கொடுங்கள், ஆனால் கணக்குப் பார்த்துக் கொடுங்கள். முதியோர் உதவித்தொகை இப்போது மாதம் 600 வெள்ளி (ரிங்கிட்). வாடகை 400 என்றால் மீதி 200-இல் சாப்பாடு, மருந்து, கரண்டு பில் எல்லாம் அடங்காது. சில மாதங்களில் பாக்கி விழும். அதற்கு அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியாது. பெர்கேசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பென்ஷன் வருகிறதா, பிள்ளைகள் மாதாமாதம் எவ்வளவு தருவார்கள் என்று கேளுங்கள். வேலை பார்க்கும் பிள்ளை ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போடட்டும். டெபாசிட்டை மொத்தமாகப் புரட்ட முடியாதென்றால் தவணையில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் மகனிடம் ஒன்று சொல்லுங்கள்: மழை பெய்தால் ரப்பர் பால்வெட்டுக்காரர் சம்பளம் குறையும், உதவித்தொகை குறையாது. அரசாங்கப் பணம் என்பதற்காக ஒருவரைத் திருப்பி அனுப்புவது நியாயமே இல்லை.

கேள்வி: அமெரிக்காவில் அரசே வீட்டுக்காரருக்கு வாடகை கட்டுகிறதாமே?

பதில்: ஆம். அங்கே வாடகை வவுச்சர் (அரசின் வாடகை உதவிச் சீட்டு) பெற்றவர் தம் வருமானத்தில் ஏறக்குறைய 30 விழுக்காட்டைக் கட்டுவார். மீதியை வீடமைப்பு அமைப்பு நேரே வீட்டுக்காரருக்கு அனுப்பும். கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் வவுச்சரைக் காரணம் காட்டி மறுக்கவும் முடியாது. இங்கே சமூக நலத்துறைப் பணமோ குடியிருப்பவர் கைக்குத்தான் வருகிறது. அதனால் பேச்சும் ஒப்பந்தமும் தெளிவாக இருக்க வேண்டும்.

கேள்வி: பணம் விழும் வங்கி அட்டையை நானே வைத்துக்கொண்டால் என்ன?

பதில்: கூடவே கூடாது. அட்டையையும் ரகசிய எண்ணையும் பிறரிடம் தருவது வங்கி விதிக்கு விரோதம். வயதானவரின் சாப்பாட்டுப் பணத்தை வாங்கி வைத்துக்கொள்வது வட்டிக்காரர் செய்யும் வேலை. பணம் விழுந்த மறுநாளே வாடகை உங்கள் கணக்குக்குத் தானாக மாறும்படி வங்கியில் எழுதிக் கொடுக்கச் சொல்லலாம். வேண்டுமென்றால் கூடப் போய் உதவுங்கள்.

கேள்வி: இரண்டு மாதப் பாக்கி. பூட்டை மாற்றிவிடலாமா?

பதில்: முடியாது. 1950-ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம், 7(2) பிரிவின்படி, ஒப்பந்தம் முடிந்த பிறகும் குடியிருப்பவரை நீதிமன்றம் வழியாகத்தான் வெளியேற்ற முடியும். பாக்கியை மீட்க 1951-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதில் 12 மாதப் பாக்கி வரை கேட்கலாம். அதற்கு முன் நேரில் போய் விசாரியுங்கள். உதவித்தொகை நின்றிருந்தால், முதலில் அவரை நலத்துறை அலுவலகத்துக்கு அழைத்துப் போங்கள்.

கேள்வி: சின்ன வாடகைக்கும் ஒப்பந்தத்துக்கு முத்திரை வேண்டுமா?

பதில்: வேண்டும். ஆண்டு வாடகையில் முதல் 2,400 வெள்ளிக்கு இருந்த விலக்கு 2025-இல் நீக்கப்பட்டது. மாதம் 400 வெள்ளி வீட்டுக்கு ஓராண்டு ஒப்பந்தமென்றால் முத்திரை வரி 20 வெள்ளிதான். கையெழுத்தான 30 நாளுக்குள் கட்டிவிடுங்கள்.