காரின் உட்கூரைத் துணி தொங்கினால் வீட்டிலேயே மாற்ற முடியுமா?
உட்கூரைத் துணி தொங்குகிறது, மேலேயே பசை தடவி ஒட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். துணிக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய ஃபோம் வெப்பத்தில் மக்கிப் பொடியாகியிருக்கும், அந்தப் பொடிமேல் எந்தப் பசையும் நிற்காது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு (பக்கவாட்டு ஏர்பேக் இருந்தால் கட்டாயம்) சன் வைசர், கைப்பிடிகள், விளக்கு, கதவு, கண்ணாடிகளுக்கு இடையே கூரையைத் தாங்கும் தூண்களின் பிளாஸ்டிக் மூடிகளை எடுங்கள். சீட்டைச் சாய்த்து, துணி ஒட்டியிருக்கும் கூரைப் பலகையை மடங்காமல் இரண்டு பேராக இறக்குங்கள். அப்புறம் முகமூடி போட்டுக்கொண்டு, பழைய ஃபோமை மென்மையான பிரஷ்ஷால் கடைசித் துகள் வரை தேய்த்தெடுங்கள். வேலையே இங்கேதான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். ஃபோம் ஒட்டிய துணியையே வாங்கி, வெப்பம் தாங்கும் ஸ்பிரே பசையைப் பலகையிலும் துணியின் ஃபோம் பக்கத்திலும் அடித்து, விரலில் பிசுபிசுக்கும் வரை காத்திருந்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவி ஒட்டுங்கள். விளக்குக்கான துளைகளை மறுநாள் வெட்டினால் போதும்.