எந்த ஆட்டத்துக்கு எந்தச் சந்தா?

கேள்வி: வீட்டில் கணவருக்கு கிரிக்கெட், மகனுக்கு ஃபார்முலா ஒன், மகளுக்கு டென்னிஸ், மாமனாருக்குக் கபடி. எல்லாவற்றையும் ஒரே ஓடிடியில் பார்க்க வழி உண்டா? – ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: இல்லை. ஒளிபரப்பு உரிமை யாரிடம் இருக்கிறதோ அவர்களிடம்தான் ஆட்டம். ஐபிஎல்லின் 2023-27 உரிமையில் டிவிக்கு 23,575 கோடி ரூபாய். டிஜிட்டலுக்கு அதைவிடச் சற்றே கூடுதலாக 23,758 கோடி. இவ்வளவு கொட்டியவர்கள் முதல் இரண்டு ஆண்டு இலவசமாகக் காட்டியதே பெரிய விஷயம். 2025 பிப்ரவரியில் இரண்டு தளங்கள் சேர்ந்து ஜியோஹாட்ஸ்டார் ஆனதும் அந்தத் தாராளம் முடிந்தது.

உங்கள் வீட்டில் செலவு வைக்காதவர் மாமனார். புரோ கபடி, கிரிக்கெட் இருக்கும் ஜியோஹாட்ஸ்டாரிலேயே வந்துவிடும். தமிழ் வர்ணனையும் உண்டு. கபடிக்கு அதுதான் உயிர். (கிரிக்கெட்டுக்கு நான் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொள்கிற ஆள்.) மகனுக்கு ஃபேன்கோடு என்ற செயலி, 2024 முதல் ஃபார்முலா ஒன் அங்கேதான். மகள்தான் சிக்கல்: 2025-இல் ஆஸ்திரேலிய ஓப்பனும் பிரெஞ்சு ஓப்பனும் சோனி லிவ்வில், விம்பிள்டன் ஜியோஹாட்ஸ்டாரில். கணவரும் ஒரே இடத்தில் உட்கார முடியாது. அதே ஆண்டு ஆசியக் கோப்பை சோனி லிவ்வில் வந்தது. இங்கிலாந்து டெஸ்ட் தொடரோ டிவியில் சோனி, கைபேசியில் ஜியோஹாட்ஸ்டார்!

ஆகவே ஆண்டுச் சந்தா ஒன்றே ஒன்று, கிரிக்கெட்டுக்கு மட்டும் போதும். மற்றவற்றைப் போட்டி தொடங்கும் வாரத்தில் குறுகிய காலத்துக்கு வாங்கி, அன்றே ஆட்டோபேயை நிறுத்திவிடுங்கள். பணம் கட்டுவதற்கு முன் திட்டத்தின் பெயரை உற்றுப் பாருங்கள். 'மொபைல்' என்று இருந்தால் கைபேசியோடு சரி, டிவியில் வராது. ரீசார்ஜோடு இலவசமாகத் தரும் சந்தாவும் பெரும்பாலும் இந்த ரகம்தான். ஒரே நேரத்தில் எத்தனை திரை என்பதையும் கேளுங்கள். கபடியும் கிரிக்கெட்டும் ஒரே மாலையில் மோதும்.

கேள்வி: பக்கத்து வீட்டில் டிடிஎச். அவர்கள் கத்தி ஓய்ந்த பிறகுதான் எங்கள் ஓடிடியில் சிக்ஸர் பறக்கிறது. இணைய வேகத்தைக் கூட்டலாமா? – ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: கூட்டினால் பில்தான் கூடும். ஓடிடி தளம் காட்சியைச் சில விநாடித் துண்டுகளாக நறுக்கி அனுப்புகிறது. படம் நின்றுவிடாமல் இருக்க, உங்கள் செயலி நாலைந்து துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்ட பிறகே முதல் துண்டை ஓட்டுகிறது. அரை நிமிடம் பின்தங்குவது சர்வ சாதாரணம். படம் அடிக்கடி நின்றால்தான் வேகத்தைக் குறை சொல்ல வேண்டும். கடைசி ஓவர் வரும்போது ஜன்னலைச் சாத்துங்கள், குடும்ப வாட்ஸ்அப் குழுவையும் ஊமையாக்குங்கள். அதுவும் முடியாதென்றால் இந்தியா-பாகிஸ்தான் ஆட்டத்துக்கு மட்டும் பக்கத்து வீட்டுக்கே போய்விடுங்கள். அவர்களுக்கும் கத்த ஆள் வேண்டும்.

கேள்வி: காசே கட்டாமல் பார்க்க நேர்மையான வழி உண்டா? – ஒரு மாணவர், அரியலூர்

பதில்: உண்டு. முக்கியமான ஆட்டங்களின் ஒளிபரப்பைத் தனியார் சேனல்கள், தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்று 2007-இல் சட்டமே வந்தது. இந்திய ஆடவர் அணி ஆடும் ஒருநாள், டி20 ஆட்டங்கள் அதில் அடங்கும். ஆனால் அப்படிப் பகிர்ந்ததை கேபிளில் காட்டக் கூடாது என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் கேபிள்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. தூர்தர்ஷனின் இலவச டிடிஎச்சான டிடி ஃப்ரீ டிஷ் வாங்குங்கள். தட்டுக்கும் பெட்டிக்கும் ஒருமுறை செலவு, மாதக் கட்டணம் கிடையாது.

சதுரங்கம் பிடிக்குமென்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர். 2024-இல் சிங்கப்பூரில் குகேஷ் உலகப் பட்டம் வென்றதை யூடியூபிலேயே இலவசமாகப் பார்த்தோம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் விளக்கத்தோடு.