வந்த புதிதில் இல்லாத வலி

அன்புள்ள ஐயா,

குடும்பத்தோடு இந்த நாட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. கணவருக்கு வேலை, மகனுக்குப் பள்ளி. கணக்கு டீச்சராக இருந்த எனக்கு மட்டும் ஒன்றும் இல்லை. என் சான்றிதழ் இங்கே செல்லாதாம். வந்த புதிதில் நன்றாகத்தான் இருந்தேன். இப்போது தூக்கமில்லை, ஓயாத தலைவலி, படபடப்பு. டாக்டர் எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறார். அம்மா போனில் கேட்டால் ‘நல்லா இருக்கேன்’ என்கிறேன். ஆசைப்பட்டு வந்துவிட்டு அழுவது நன்றிகெட்டத்தனமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள டீச்சருக்கு,

இல்லவே இல்லை. ஆசைப்பட்டு வந்தவர்களுக்கும் அழுகை வரும்.

வந்த புதிதில் வீடு, பள்ளி, வங்கிக் கணக்கு, அடையாள அட்டை என்று ஓட்டமாகவே போய்விடும். எல்லாம் ஓரளவு ஒழுங்கான பிறகு, தனியாக இருக்கும் பகல் பொழுதில்தான் மனசு தன் கணக்கை எடுத்துக்கொண்டு வரும். அமெரிக்கா போய்வந்த நார்வேக்காரர்களிடம் பேசி, ஸ்வெர்ரே லிஸ்கார்ட் என்ற சமூகவியலாளர் 1955-இல் எழுதியது இதைத்தான்: 6 மாதத்துக்குள் திரும்பியவர்களையும் 18 மாதத்துக்கு மேல் தங்கியவர்களையும் விட, இடைப்பட்ட காலம் இருந்தவர்களே அதிகம் தடுமாறினார்கள். எல்லோருக்கும் இது பொருந்தவில்லை என்று பிந்தைய ஆய்வுகள் காட்டின. ஆனாலும் உங்கள் எட்டாவது மாதம் விசித்திரமானதல்ல.

புலம்பெயர்ந்தவர்கள் இழப்பவற்றை பார்சிலோனா மனநல மருத்துவர் ஜோசெபா அச்சோதேகி ஏழாகப் பிரிக்கிறார். குடும்பம், மொழி, மண் என்று போகும் அந்த வரிசையில் சமூக மதிப்பும் உண்டு. உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது அதுதான். ஏதாவதொரு படிவத்தில் ‘தொழில்’ என்ற கட்டம் வந்ததும் உங்கள் பேனா நின்றிருக்கும். அந்த இழப்புக்குத் துக்கப்படுவது நியாயம். அப்புறம், செல்லாது என்று யாரோ வாய்மொழியாகச் சொன்னதை நம்பி விட்டுவிடாதீர்கள். முறையாக மதிப்பீடு செய்ய வழி உண்டா, கூடுதல் பயிற்சி எடுத்தால் போதுமா என்று எழுத்திலேயே கேளுங்கள்.

தலைவலி பொய்யில்லை. மனத்தின் பாரம் பலருக்கு முதலில் உடம்பில்தான் தெரியும். ஆகவே டாக்டரிடம் தலைவலியோடு நிறுத்தாமல் அழுகையையும் சொல்லுங்கள். மொழி சிரமம் என்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பல நாடுகளில் மருத்துவமனையே ஏற்பாடு செய்யும். மகனைக் கூட்டிப்போய்ப் பேச வைக்க வேண்டாம். பிள்ளைக்கு அது தாங்காத சுமை. அவன் எதிரில் நீங்களும் பாதியை விழுங்கிவிடுவீர்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் அன்றைக்கே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

அம்மாவுக்குச் சொல்வது இருக்கட்டும். இதெல்லாம் உங்கள் கணவருக்குத் தெரியுமா என்று கடிதத்தில் எங்குமே இல்லை. தெரியாதென்றால் இன்று ராத்திரியே அவரிடம் சொல்லுங்கள்.