உழுத வயலில் டிடெக்டர்: அவசரப்படாமல் பரம்படிக்கும்வரை காத்திருங்கள்

கேள்வி: இங்கிலாந்தில் சஃபோக் பக்கம் குடியிருக்கிறோம். பக்கத்துக் கோதுமை வயலில் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடலாமா என்று அங்கே விவசாயம் பார்ப்பவரிடம் கேட்டேன். "தாராளமாக" என்றார். போன வாரம்தான் உழுதிருக்கிறார்கள். இரண்டு நாள் நடந்ததில் துருப்பிடித்த ஆணிகளும் அலுமினியத் துண்டுகளும்தான் மிச்சம். எங்கே தப்புச் செய்கிறேன்? பழைய காசு கிடைத்தால் அது எனக்கா? ஊருக்குப் போகும்போது கருவியைக் கொண்டுபோய் அப்பாவின் வயலிலும் பார்க்கலாமா?

பதில்: பாதித் தப்பு உங்களுடையது, பாதி வயலுடையது. ஆழ உழுதுபோட்ட நிலத்தில் கட்டிகள் மேடும் பள்ளமுமாக நிற்கும். டிடெக்டரின் காயில் (தரையோரம் வீசும் வட்டத் தட்டு) மேட்டு முதுகில் தட்டிக்கொண்டே போகும். அதற்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு சாண் வெறும் காற்று. சின்னக் காசு ஒன்றைச் சாதாரணக் கருவி ஒரு சாண் ஆழத்தில் கண்டுபிடித்தாலே பெரிய விஷயம். அந்த ஒரு சாணையும் காற்றே தின்றுவிட்டால் மண்ணுக்கு என்ன மிஞ்சும்?

கட்டிகளை உடைத்து, உருளை ஓட்டிச் சமப்படுத்தட்டும். நம் ஊரில் பரம்படித்த வயல் மாதிரி ஆனபிறகு, நல்ல மழை ஒன்று பெய்து மண் அமுங்கியதும் இறங்குங்கள். விதைத்துவிட்டார்கள் என்றால் மறுபடி கேட்காமல் கால் வைக்காதீர்கள். அறுவடை முடிந்து தாள் மட்டும் நிற்கும் நாட்களும் நல்லவைதான், தாளைக் கட்டையாக அறுத்திருந்தால்.

காயிலை வீசும்போது வீச்சின் இரண்டு முனையிலும் கை தானாக மேலே எழும்பும். ஊஞ்சல் ஆட்டுவதுபோல ஆட்டாமல், தரையை ஒட்டியே நேராக இழுங்கள். மெதுவாக. ஒரு வீச்சின் மேல் அடுத்த வீச்சு பாதியாவது படியவேண்டும். நான் ஆரம்பித்த வருடம் ஒரு பெரிய வயலை ஒரே காலையில் "முடித்தேன்". பிறகு அதே வயலில் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொண்டு மூன்று வாரம் நடந்தபோதுதான் அது எதையும் முடித்ததே இல்லை என்று புரிந்தது.

இனி அந்த ஆணிகள். அவற்றை வீசிவிடவில்லையே? கையால் அடித்த, சதுர வெட்டுள்ள பழைய ஆணிகள் ஒரே இடத்தில் குவிந்திருந்தால் அங்கே ஒருகாலத்தில் வீடோ கொட்டகையோ இருந்திருக்கலாம். புதிதாக வருபவர்கள் செய்கிற முதல் வேலை, இரும்புச் சத்தமே கேட்கக்கூடாது என்று கருவியில் இரும்பை முழுக்க அடைத்துவிடுவது. அப்படிச் செய்தால் ஆணிக்குப் பக்கத்தில் கிடக்கும் வெள்ளிக் காசும் சேர்ந்து ஊமையாகிவிடும். இரும்பு உறுமட்டும், விடுங்கள். அந்த உறுமலுக்கு நடுவே கீச்சென்று ஒரு துளி வந்தால் நின்று, தொண்ணூறு பாகை திரும்பி மறுபடி வீசிப் பாருங்கள். இரண்டு பக்கமும் கேட்டால் தோண்டலாம். இடைக்காலத்து வெள்ளிப் பென்னி விரல்நகம் போல மெலிசு. பெரிய சத்தம் போடாது.

அலுமினியத்துக்குத்தான் மருந்தில்லை. நகரத்துக் குப்பையிலிருந்து செய்த மட்கு உரத்தை அந்த வயலில் கொட்டியிருந்தால், நறுங்கிய டப்பாத் துண்டுகள் ஆயிரக்கணக்கில் கலந்திருக்கும். உரம் எங்கிருந்து வந்தது என்று விவசாயியிடம் கேளுங்கள். அதுதான் என்றால் வேறு வயல் தேடுங்கள்.

தோண்டுவதில் ஒரே ஒரு எல்லையை மனதில் வையுங்கள்: கலப்பை இறங்கிய ஆழம். அதற்கு மேலே இருக்கும் மண் எத்தனையோ முறை புரண்டது. அதில் கிடைக்கும் பொருள் தன் இடத்தைவிட்டு நகர்ந்துவிட்டது. அதற்குக் கீழே எதுவும் அசையவில்லை. அங்கிருந்து சத்தம் வந்தாலோ, ஒரே குழியில் இரண்டு மூன்று பொருள் வந்தாலோ கையை எடுத்துவிடுங்கள். உங்கள் சஃபோக்கிலேயே இதற்கு உதாரணம் உண்டு. 1992 நவம்பர் 16 அன்று ஹாக்ஸன் கிராமத்தில், விவசாயி வயலில் தொலைத்த சுத்தியலைத் தேடப் போனார் எரிக் லாஸ். அகப்பட்டது ரோமானியர் காலத்துத் தங்கமும் வெள்ளியும். கொஞ்சம் எடுத்ததும் தோண்டுவதை நிறுத்தித் தகவல் கொடுத்துவிட்டார். மறுநாளே தொல்லியல் ஆட்கள் வந்து தோண்டினார்கள். ஏறக்குறைய 15,000 காசுகள். மட்கிப்போன மரப்பெட்டியின் தடயமும், அதற்குள் எது எங்கே அடுக்கியிருந்தது என்பதும்கூடத் தெரியவந்தது. அவர் ஆசைப்பட்டு அள்ளியிருந்தால் இந்தக் கடைசி விவரம் யாருக்கும் கிடைத்திருக்காது. அந்தக் குவியலில் நான்கு வெள்ளி மிளகுச் சிமிழ்களும் உண்டு. ரோமானியர்களுக்கு மிளகு கப்பலேறியது மலபார்க் கரையிலிருந்து. பிரிட்டிஷ் மியூசியம் போனால் அதற்காகவாவது நின்று பாருங்கள். தொலைந்த அந்தச் சுத்தியலும் அங்கேதான் இருக்கிறது.

அந்த ஹாக்ஸன் விவசாயி குத்தகைக்காரர்; நிலம் கவுன்டி கவுன்சிலுடையது (அந்த வட்டாரத்து உள்ளாட்சி மன்றம்). உங்களுக்கு "தாராளமாக" சொன்னவர் யார்? உழுபவரும் நிலச் சொந்தக்காரரும் வேறு என்றால் சொந்தக்காரரின் சம்மதம் இல்லாமல் நீங்கள் அங்கே நிற்பதே தவறு. கிடைப்பதை எப்படிப் பங்கிடுவது என்பதையும் சேர்த்து எழுத்தில் வாங்கிவிடுங்கள். எழுதி வைக்காவிட்டால் ஒற்றைக் காசுகூடச் சட்டப்படி நிலக்காரருக்குத்தான். அந்த வயலில் பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடம் ஏதும் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், அத்தகைய இடங்களைக் கவனிக்கும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்ற அரசு அமைப்பின் அனுமதி இல்லாமல் டிடெக்டர் பிடிப்பது 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

புதையலுக்கு 1996ஆம் ஆண்டு ட்ரெஷர் சட்டம். 300 வருடத்துக்கு மேல் பழைய, எடையில் பத்தில் ஒரு பங்காவது தங்கமோ வெள்ளியோ உள்ள பொருள் புதையல். காசு என்றால் ஒரே இடத்தில் அப்படி இரண்டு கிடைத்தாலே போதும். செம்புக் காசு என்றால் பத்து. 2023 ஜூலையிலிருந்து, 200 வருடத்துக்கு மேற்பட்ட, வரலாற்று முக்கியத்துவம் மிகுந்த உலோகப் பொருட்களும் இதில் வரும். புதையல் என்று தோன்றிய 14 நாளுக்குள் கரோனருக்குச் (சந்தேக மரணங்களோடு புதையலையும் விசாரிக்கும் அதிகாரி) சொல்லியாகவேண்டும். பயப்படாதீர்கள், உங்கள் வட்டாரத்து ஃபைண்ட்ஸ் லயசன் ஆஃபீசரிடம் (மண்ணில் கிடைக்கும் பழம்பொருட்களைப் பதிவு செய்பவர்) கொடுத்தால் அவரே வழி காட்டுவார். அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டால் சன்மானம் வழக்கமாக உங்களுக்குப் பாதி, நிலக்காரருக்குப் பாதி. புதையல் இல்லாத பழைய பொருட்களையும் அவரிடம் காட்டிப் பதியுங்கள். ஒவ்வொன்றையும் தனிப் பையில் போட்டு, எடுத்த இடத்தின் கிரிட் எண்ணை (வரைபடத்தில் இடத்தைக் காட்டும் எண்) அங்கேயே, அப்போதே எழுதுங்கள். வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்றால் நடக்காது.

வீட்டுக்குக் கொண்டுபோனதும் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். குத்துவிளக்குத் துலக்கும் வேலை இல்லை இது. செம்புக் காசின்மேல் இருக்கும் பச்சைப் படிவில்தான் எழுத்தும் உருவமும் நிற்கின்றன. அது உரிந்தால் வழவழப்பான வட்டம்தான் மிஞ்சும். மண்ணோடேயே காட்டுங்கள். குண்டு மாதிரி எது தென்பட்டாலும் தொடாமல் விலகி 999க்கு அடியுங்கள். அந்தப் பக்கமெல்லாம் போர்க்கால விமானத் தளங்கள் இருந்த நிலம்.

அப்பாவின் வயலுக்குக் கருவியைக் கொண்டுபோகவேண்டாம். சஃபோக்கில் உள்ளதுபோலப் பதிவு செய்து பங்கு வாங்கும் ஏற்பாட்டை நம்பி அங்கே தோண்டமுடியாது. இந்தியாவில் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது: மண்ணில் கிடைத்தது பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்கவேண்டும். பழம்பொருட்களுக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டம் வேறு. உழும்போது தானாக ஏதாவது மேலே வந்தால், கிடந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டுவைத்துவிட்டு, அப்பாவை வி.ஏ.ஓ.விடம் போய்ச் சொல்லச் சொல்லுங்கள்.