சிப்பிப்பாறை நாய் ஊட்டிக் குளிரைத் தாங்குமா?

கேள்வி: கணவரின் வேலை மாற்றலால் கோவில்பட்டியிலிருந்து ஊட்டிக்கு வந்திருக்கிறோம். எட்டு வயதுச் சிப்பிப்பாறை நாய் வீராவும் எங்களோடு வந்தான். ராத்திரி கார் ஷெட்டில்தான் படுக்கை. மார்கழி பிறந்ததிலிருந்து விடிகாலையில் நடுங்குகிறான். எழுந்ததும் பின்னங்கால் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நொண்டுகிறான். "நாய்க்கு எங்கே குளிரப் போகுது, வீட்டுக்குள்ள விடாதே" என்கிறார் மாமியார். ஒரு மூடி பிராந்தி கொடுக்கச் சொல்கிறார்கள் பக்கத்து வீட்டில். தைலம் தேய்க்கலாமா? ஸ்வெட்டர் போட்டால் போதுமா?
- வாசகி, ஊட்டி

பதில்: சகோதரி, இன்று ராத்திரியிலிருந்தே வீராவை வீட்டுக்குள் படுக்க வையுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

உங்கள் மாமியார் சொல்வது கோவில்பட்டிக்குச் சரி. கரிசல் காட்டு வெயிலில் முயல் விரட்டிப் பழகிய இனம் அது. ஒட்டிய வயிறு, மெல்லிய தோல், குட்டையான முடி, கொழுப்பே இல்லாத உடம்பு என்று எல்லாமே சூட்டை வெளியே விடுவதற்கு வாகாக அமைந்தவை. குளிர்நாட்டு நாய்களுக்கு மேல்முடிக்கு அடியில் பஞ்சு மாதிரி இன்னொரு அடுக்கு முடி இருக்கும். இவனுக்கு அந்தக் காப்பு இல்லை. ஊட்டியோ 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை, வானம் தெளிந்த ராத்திரிகளில், தலைக்குந்தா மாதிரிப் பள்ளமான இடங்களில் வெப்பம் பூஜ்யத்தை ஒட்டி இறங்கிப் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். அந்தக் குளிரில் சிமெண்ட் தரையில் படுத்தால், தரையே உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். இன்னொன்றையும் மாமியாரிடம் சொல்லுங்கள்: நீலகிரியில் ராத்திரி வெளியே படுக்கும் நாய்களைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போவது உண்டு. திறந்த ஷெட்டில் ஒரு நாயைக் கட்டிப்போடுவது எனக்குக் குளிரைவிடப் பெரிய பயம்.

வீடு முழுக்கத் திரிய விட வேண்டியதில்லை. பின்கட்டுக் கதவுக்கு உள்பக்கமாக, காற்று வராத ஒரு மூலை போதும். சுத்தம்தான் மாமியாரின் கவலை என்றால், காலைத் துடைத்து உள்ளே விடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அரை அடி உயரத்தில் ஒரு பலகை, அதன்மேல் சாக்கு, அதற்கு மேல் பழைய கம்பளி. ஈரமானால் உடனே மாற்றிவிடுங்கள். ஈரக் கம்பளி இல்லாததைவிட மோசம். குளிருக்காகக் கரி அடுப்பு மூட்டி, கதவைச் சாத்திக்கொண்டு தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. நாயோடு சேர்த்து மனிதர்களையும் கொன்றுவிடும்.

பிராந்தி வேண்டவே வேண்டாம். அது தோலுக்கு அடியிலுள்ள ரத்தக் குழாய்களை விரித்து, இருக்கிற சூட்டையும் வெளியே விட்டுவிடும். கொஞ்சம் சாராயமே நாய்க்கு விஷமாகலாம். தைலமும் அப்படித்தான். ஊட்டியில் எல்லா வீட்டிலும் நீலகிரித் தைலம் இருக்கும், நமக்கு நல்லதுதான். ஆனால் தேய்த்த இடத்தை நாய் நக்காமல் இருக்காது, வயிற்றுக்குள் போனால் அதுவும் விஷம்.

ஸ்வெட்டர் போடுங்கள், நல்லதுதான். கழுத்திலிருந்து வால் தொடங்கும் இடம்வரை மூட வேண்டும், அக்குளில் உரசக் கூடாது. தினமும் ஒரு தடவை கழற்றித் தோலைப் பாருங்கள். காலை நடையை வெயில் ஏறி, புல்லில் பனி காய்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஊட்டியின் மத்தியான வெயில் இவனுக்கு மருந்து மாதிரி, நன்றாகக் காயட்டும். சாப்பாட்டைக் கொஞ்சம் கூட்டி, வெதுவெதுப்பாகக் கொடுங்கள். எலும்பு சூப் வைத்தால் வெங்காயம், பூண்டு சேர்க்காதீர்கள். குளிப்பாட்டுவதைக் குறைத்துக்கொள்ளலாம்.

பின்னங்கால் விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. எட்டு வயதில், எழுந்ததும் பிடித்துக்கொண்டு, நடக்க நடக்கச் சரியாகிறது என்றால் பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம். குளிர் அதைக் கிளப்பிவிட்டிருக்கும். கால்நடை மருத்துவர் தொட்டுப் பார்த்துத்தான் உறுதிசெய்ய வேண்டும். வலி மாத்திரை தேவையென்றால் ரத்தப் பரிசோதனையில் கல்லீரல், சிறுநீரகம் எப்படி இருக்கின்றன என்று பார்த்துவிட்டு அவரே எழுதித் தருவார். வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலையோ இபுபுரூஃபனையோ தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள்.

நடுக்கம் பற்றி ஒரு எச்சரிக்கை. நடுங்குகிறவரை உடம்பு குளிரோடு போராடுகிறது. நடுக்கம் நின்று, சோர்ந்து, கூப்பிட்டால் திரும்பாமல், ஈறு வெளுத்துக் கிடந்தால் ஆபத்து. நாயின் இயல்பான உடல்சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 99-க்குக் கீழே இறங்கினால் காத்திருக்காதீர்கள். கம்பளியில் சுற்றி, துண்டில் பொதிந்த வெந்நீர்ப் பாட்டிலை வயிற்றோரம் வைத்து, அந்த நிலையிலேயே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.